நாற்பத்தோராம் பெட்டி

மால்மோவில் சனிக்கிழமை மிட்டாய்க் கிழமை.
பல்லைக் காக்க யாரோ போட்ட கணக்கு:
ஆறு நாள் வாயைக் கட்டு,
ஏழாம் நாள் அவிழ்த்துவிடு.

என் சுவரில் தொண்ணூற்றாறு பெட்டிகள்.
கண்ணாடி மூடி, சங்கிலியில் ஒரு கரண்டி.
நூறு கிராம் எதுவானாலும் ஒரே விலை,
உப்பு மீனுக்கும் மண்டையோட்டுக்கும்
புளிப்பு நாடாவுக்கும் கரடிக்கும்.

கரடிக்குள் கரடி இல்லை.
அமிலத்தில் ஊறி, வெந்நீரில் கரைந்து,
வடித்து வடித்துப்
பேரும் மணமும் போய்
நெகிழ்வு மட்டும் மிஞ்சிய
பன்றித் தோல் இருக்கிறது.

ஹோடன் கைப்பேசி விளக்கைப் பிடித்துப்
பெட்டிக்கு அடியிலிருக்கும் பொடி எழுத்தைப் படிக்கிறாள்.
தம்பி லீபான்
காகிதப் பையின் வாயைத் திறந்தபடி
தீர்ப்புக்காக நிற்கிறான்.
"பெக்டின். இது பழத்தோல். எடுத்துக்கோ."
"அதுவும் தோல்தானே?"
அவள் பதில் சொல்லவில்லை. கரண்டியை நீட்டினாள்.

யாயெல் வெள்ளிக்கிழமை வருவாள், இருட்டுமுன்.
டிசம்பரில் அது மூன்றரை மணி.
பல் மருத்துவர். அதை யாரிடமும் சொல்லாதே என்பாள்.
"மாடா?"
மாடு.
"யார் அறுத்த மாடு?"
தெரியாது.
"அப்போ மீன்?"
மீன்.
"செதில் இருக்கிற மீனா?"
கம்பெனிக்குப் போன் போட்டேன்.
பியானோ வாசித்தார்கள். பிறகு
திங்கட்கிழமை கூப்பிடச் சொன்னார்கள்.

போன மாதம் ஒரு புதுப் பெட்டி வந்தது,
முறைப்படி அறுத்த மாடு, முத்திரையோடு.
லீபான் கைதட்டினான்.
மேல்மாடி மாணவி ஹேதல்
அதே முத்திரையைப் படித்துவிட்டு
கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நான் நெர்மினா.
தொண்ணூற்று மூன்றில் முகாமில் எனக்கு ஏழு வயது.
மஞ்சள் கையுறை போட்ட ஒருத்தி
உள்ளங்கை நிறைய கரடி கொட்டினாள்.
சிவப்பைக் கடைசிக்கு வைத்தேன்.
அந்தக் குளிர்காலத்தில் வேறெதுவும் இனித்ததாக நினைவில்லை.
ஒரு வருடம் கழித்து, மொழி கொஞ்சம் பிடிபட்டதும்,
அம்மா பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்தாள்.
என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய்
மூன்று முறை கொப்பளிக்க வைத்தாள்.
எப்போதோ தின்றதற்கு
எப்போதோ கழுவிய வாய்.
துப்பினேன். தண்ணீர் தண்ணீராகத்தான் போனது.
அம்மா முந்தி சிரித்தாள், பிறகு நானும்.

நான் தொழுவது பெருநாளில் மட்டும்.
கரடி மட்டும் இன்றுவரை தின்றதில்லை.
இதற்கு என்ன பேர் என்று கேட்காதீர்கள்.

இன்று கடை மூடும் நேரம்.
நாற்பத்தொன்றில், பழத்தோல் ஸ்ட்ராபெரிக்கு நடுவே,
ஒரு பச்சைக் கரடி
மல்லாந்து கிடந்தது.
எந்தப் பிள்ளை போட்டதோ, எந்தக் கரண்டி மாறியதோ.
பெட்டியில் இன்னும் ஆறு கிலோ.

"எடுத்துப் போட்டுட்டு மூடு," என்றார் யோரான்,
"யாருக்குத் தெரியப்போகுது?"
கெட்ட மனிதர் இல்லை. பேருந்து எட்டு பத்துக்கு.

கரடியை எடுத்துக் குழல்விளக்குக்கு நேரே பிடித்தேன்.
பச்சை வெளிச்சம் ஒரு பக்கம் நுழைந்து
மறுபக்கம் வந்தது.
உள்ளே யாரும் இல்லை.
பன்றியும் இல்லை, மாடும் இல்லை,
முகாமும் இல்லை.

ஆறு கிலோவையும் கறுப்புப் பையில் கவிழ்த்தேன்.
சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன்.
வெந்நீரில் பெட்டியைக் கழுவினேன்,
கரண்டியை, சங்கிலியை,
சங்கிலி தொங்கும் ஆணியையும்.

எட்டு பத்து போய்விட்டது.
அடுத்தது எட்டு நாற்பது.
நிறுத்தத்தில் நிற்கும்போதுதான் பார்த்தேன்,
பச்சைக் கரடி
என் கோட்டுப் பையில், கைச்சூட்டில்
இளகிக்கொண்டிருந்தது.